ஐந்து கட்டையில் ஒரு வசந்தம்

வாய்ப்பாட்டுக்காரர் ஒருவர் மேற்கத்தியத் தந்தி வாத்தியக் குழுவோடு சேர்ந்து பாடப்போகிறார் என்றால், தாளம் ஒத்துவருமா, ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம் என்ன ஆகும் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். என்னிடமும் அதைத்தான் கேட்டார்கள். ஆனால் ஒத்திகையில் எங்களைத் திண்டாட வைத்தது ‘ம’ என்ற ஒரே ஸ்வரம், சுத்த மத்திமம். அதைச் சொல்லத்தான் முக்கியமாக இந்தப் பதிவு. மற்றதெல்லாம் கூடவே வரும்.

இந்தச் சித்திரையில் திருவையாற்றில், எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பழைய முற்றத்து வீட்டின் கூடத்தில், வசந்தத்தை வைத்து ஒரு சின்னக் கச்சேரி நடத்தினோம். அண்ணன் மகன் சென்னையில் செல்லோ வாசிக்கிறான். அவனும் அவன் நண்பர்களுமாகப் பன்னிரண்டு பேர்: ஏழு வயலின், இரண்டு வியோலா, இரண்டு செல்லோ, ஒரு டபுள் பாஸ். பாடுவதற்கு இரண்டு பேர். ஒன்று நான். இன்னொன்று, தஞ்சாவூரில் தேவாலயப் பாடற்குழுவில் பாடி வளர்ந்து, பிறகு முறையாக மேற்கத்திய வாய்ப்பாட்டு கற்ற ஒரு பெண். சொப்ரானோ, அதாவது பெண் குரல்களில் மிக மேலே போகும் வகை. டிக்கெட் இல்லை, மேடை இல்லை, மைக்கும் இல்லை. ஜமக்காளம் விரித்து எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள்.

நாற்காலிதான் பெரிய வேலையாகிவிட்டது. பந்தல்காரரிடம் கிடைப்பதெல்லாம் கைவைத்த பிளாஸ்டிக் நாற்காலி. அதில் உட்கார்ந்தால் வில் இழுக்கும் முழங்கை இடிக்கும், செல்லோவைக் கால்களுக்கு நடுவே நிறுத்தவே முடியாது. கடைசியில் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து கையில்லாத மரநாற்காலிகளைக் கேட்டு வாங்கினோம். முற்றத்துக் காற்றில் ஸ்வரத்தாள் பறக்காமல் இருக்க, துணி காயப்போடும் கிளிப்பு.

ஒத்திகை நல்லபடியாகத்தான் ஆரம்பித்தது.

“அத்தை, உங்க ஸ்ருதி என்ன?”

“அஞ்சு கட்டைடா.”

“அப்படின்னா ஜி!” என்று அதன் மேற்கத்தியப் பெயரைச் சொல்லிவிட்டு, விரலே வைக்காமல் ஒரு தந்தியை இழுத்துக் காட்டினான். வயலினில் மிகக் கீழே இருக்கும் தந்தி ஜி. டபுள் பாஸில் மிக மேலே இருப்பதும் ஜி. வியோலாவிலும் செல்லோவிலும் நடுவே ஒரு தந்தி ஜி. அதாவது என் சட்ஜம், பாட்டுக்கே அடிப்படையான ‘ச’, நான்கு வகை வாத்தியத்திலும் வெறும் தந்தியிலேயே கிடைக்கிறது. பஞ்சமமும், அதாவது ‘ப’வும், அப்படித்தான், டி தந்தி எல்லாவற்றிலும் உண்டு. அத்தனை வாத்தியமும் வெறும் தந்தியில் சட்ஜம் பிடித்தபோது கூடத்துத் தூண்கள் வரைக்கும் அதிர்ந்தது. டபுள் பாஸைத் தவிர மற்றவற்றில் தந்திகளை ஒன்றுக்கொன்று ஐந்தாம் ஸ்வரமாக அவர்கள் காதால்தான் சேர்க்கிறார்கள். அதனால் நம் தம்புராவோடு அது உராயாமல் உட்கார்ந்தது. பியானோ இருந்திருந்தால் இவ்வளவு சுத்தம் கிடைத்திருக்காது என்று நினைக்கிறேன்.

அப்புறம் வசந்தா ராகத்தை எடுத்தோம். தியாகராஜரின் ‘சீதம்ம மாயம்ம’. அவர் வாழ்ந்த ஊரில், அவர் சமாதிக்குக் கூப்பிடு தூரத்தில், வசந்தம் என்று பெயர் வைத்த கச்சேரியில் வேறு எதைப் பாடுவது? ரூபக தாளம். மூன்று எண்ணிக்கை என்றதும் அவர்கள் கை தானாக வால்ட்ஸ் என்ற ஐரோப்பிய ஆட்ட நடைக்குப் போய்விடும், முதல் எண்ணில் அழுத்தம் விழும். அதைச் சரிசெய்வது சுலபமாக இருந்தது. முதல் வயலின்காரப் பெண் தாளை விட்டுவிட்டு என் கையைப் பார்த்து வாசிக்க ஆரம்பித்தாள், மற்றவர்கள் அவளைப் பார்த்தார்கள், முடிந்தது.

சரி, மத்திமத்துக்கு வருகிறேன். வசந்தாவில் பஞ்சமம் கிடையாது. ஆரோகணம் ச ம க ம த நி ச, அவரோகணம் ச நி த ம க ரி ச. மத்திமத்தில் நின்று, தைவதத்தைத் தொட்டு, மேல் சட்ஜத்துக்குப் போவது அதன் இயல்பான ஓட்டம். இந்த மூன்று ஸ்வரத்தையும், ம, த, ச, ஒரே நேரத்தில் ஒலிக்க விட்டால் மேற்கத்திய இசையில் ஒரு முழுமையான மேஜர் கார்டு வந்துவிடும். என் ஐந்து கட்டைக்கு அது சி மேஜர். அண்ணன் மகன் எழுதிக்கொண்டு வந்திருந்த அமைப்பில் பல்லவி முழுக்க அந்தக் கார்டுதான். போதாததற்கு செல்லோவின் மிகத் தடித்த தந்தி சி. என் மந்திர மத்திமம்! அதை அவன் இழுத்துவிட்டால் அந்த வீட்டில் வேறு எந்த ஸ்வரமும் ராஜா இல்லை.

கேட்பதற்கு மிக அழகாக இருந்தது. ஆனால் இரண்டாவது சங்கதி, அதாவது அதே வரியை வேறு விதமாக, பாடும்போதே என் சட்ஜம் கையைவிட்டுப் போவது தெரிந்தது. மத்திமம் சட்ஜமாகிவிட்டது, என் சட்ஜம் பஞ்சமமாகிவிட்டது. மத்திமத்தையே சட்ஜமாக வைத்து, மத்திம ஸ்ருதியில் பாடுவதற்கென்று நம்மிடம் உருப்படிகள் இருக்கின்றன, ராகங்கள் இருக்கின்றன. வசந்தா அந்தக் கூட்டத்தில் இல்லை. காந்தாரத்திலிருந்து மத்திமத்துக்கு அரை ஸ்தானம். நிஷாதத்திலிருந்து சட்ஜத்துக்கும் அதே அரை ஸ்தானம். அதனால் நான் க-ம என்று பாடும்போதெல்லாம், கார்டோடு கேட்கிறவர் காதுக்கு அது நி-ச, வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று தோன்றும். எனக்கோ அது வழியில் நிற்கும் இடம். ம க ரி ச என்று இறங்கிச் சட்ஜத்துக்கு வந்தபோது, வந்து சேர்ந்த நிம்மதியே இல்லை. வசந்தாவின் சாயங்கால முகம் அந்த இறக்கத்தில்தான் இருக்கிறது. அது போனால் ராகம் போன மாதிரிதான்.

“அத்தை, இது அழகான கார்டு. ராகத்துல இருக்கற ஸ்வரம்தானே மூணும்?”

“அழகுதான்டா. ஆனா என் சட்ஜம் எங்கடா?”

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. வில்லை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தான். வழி கிடைத்தது அன்று மத்தியானம், இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியின் ‘வசந்தம்’ ஒத்திகையில்.

அதன் மூன்றாம் பகுதி ஒரு நாட்டுப்புற ஆட்டம். பை வைத்து ஊதும் குழல்வாத்தியத்துக்கு ஆடுகிறார்கள் என்று பாவனை. மேலே வயலின்கள் ஆட, கீழே செல்லோவும் பாஸும் ஒரே ஸ்வரத்தைப் பிடித்து நிற்கும், நம் நாகஸ்வரத்துக்கு ஒத்து ஊதுகிற மாதிரியே. எங்கள் சித்தப்பா பல வருஷம் ஒத்து ஊதியவர். “இதைத்தான் நான் கேக்கறேன், என் பாட்டுக்கும் ஒத்து ஊது” என்றேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது.

அப்படியே மாற்றினோம். பல்லவியில் சி தந்தியைத் தொடவே இல்லை. இரண்டு செல்லோவும் சட்ஜத்தை மட்டும் பிடித்தன. ஒருவர் வில்லைத் திருப்பும்போது இன்னொருவர் திருப்பக் கூடாது, ஒலி அறாமல் இருக்க வேண்டும். விரல் நடுக்கம் கூடாது என்றும் கேட்டுக்கொண்டேன். அவர்களுக்கு வைப்ரேட்டோ உடம்போடு வந்த பழக்கம், ஆனால் ஸ்ருதி நடுங்கினால் என் கமகம் எதன்மேல் நிற்கும்? வயலின்கள் சங்கதிகளுக்கு நடுவே நான் மூச்சு வாங்கும் இடத்தில் மட்டும் வந்தன. அங்கே அந்த ம-த-ச கார்டை ஒரே ஒரு முறை வைத்தான். பாட்டில்லாத இடத்தில் அது வந்தபோது, ஜன்னலைத் திறந்துவிட்டது போல இருந்தது. மறுபடி நான் சட்ஜத்துக்கு இறங்கினால் சட்ஜம் எனக்காகக் காத்திருந்தது.

இதுதான் என் அபிப்பிராயம், எத்தனை பேர் மறுத்தாலும் மாற்றிக்கொள்ள மாட்டேன்: நம் பாட்டோடு அவர்கள் தந்திகள் சேரலாம், தாராளமாகச் சேரலாம். ஆனால் பாடுகிறவரின் சட்ஜத்தை யாரும் நகர்த்தக் கூடாது. இரண்டையும் கலக்கிறோம் என்று எல்லா ஸ்வரத்துக்கும் அடியில் ஒரு கார்டைக் கொண்டுபோய்த் திணித்தால், கேட்கச் சுகமாக இருக்கும், ராகம் மட்டும் காணாமல் போயிருக்கும். அப்படிப் பல மேடைகளில் கேட்டு வருத்தப்பட்டிருக்கிறேன்.

அந்த சொப்ரானோப் பெண் மொத்சார்ட்டின் வசந்தப் பாட்டு ஒன்றைப் பாடினாள். 1791 ஜனவரியில் எழுதியது, அவருடைய கடைசி வருஷம். ஒரு குழந்தை மே மாதத்தைக் கூப்பிடுகிறது: வா மே மாதமே, மரங்களை மறுபடி பச்சையாக்கு. அர்த்தத்தை நான் முன்னாலேயே சொன்னதும் கூடத்தில் ஒரே சிரிப்பு. “அக்கினி நட்சத்திரத்தை யாராச்சும் வான்னு கூப்பிடுவாங்களா!” என்றார் முன்வரிசையில் ஒரு பெரியம்மா. ஐரோப்பாவின் குளிரை இரண்டு வாக்கியத்தில் விளக்கினேன். அதற்குப் பிறகு அவள் பாடியபோது யாரும் சிரிக்கவில்லை.

அவள் குரலைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். மைக் இல்லாமல், பன்னிரண்டு வாத்தியத்துக்கு மேலே, கொஞ்சமும் கத்தாமல், அந்தக் குரல் வாசல் திண்ணை வரைக்கும் போனது. எப்படி என்று கேட்டேன். கீழ்த்தாடையைத் தொங்கவிட வேண்டும், கொட்டாவி வருவதற்கு முன் மேலண்ணம் தூக்குமே, அந்த நிலையில் வைத்திருக்க வேண்டும், விலா எலும்பு விரிந்தபடியே மூச்சு வெளியே போக வேண்டும் என்று தன் கையை விலாவில் வைத்துக் காட்டினாள். மேல் ஸ்தாயியில் எழுத்தின் வடிவத்தைக்கூட மாற்றிக்கொள்வார்களாம், ‘இ’ அங்கே ‘இ’யாக இருக்காது. நமக்கு அது ஒத்துவராது. சாகித்யம் புரிய வேண்டும். ஆனால் மூச்சு விஷயத்தில் நாம் நிறைய விட்டுவிட்டோம் என்றுதான் எனக்குப் பட்டது. மைக்கை வாயருகில் வைத்துக்கொண்டு, குரலைக் குறைத்து, நுணுக்கமாகப் பாடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் ஒலிபெருக்கி பரவாத காலத்தில் நாடகக் கொட்டகையின் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பாடியவர்கள். என் தாத்தா ஓதுவார். அர்த்த மண்டபத்தில் நின்று பாடினால் கொடிமரத்தடியில் ஒவ்வொரு சொல்லும் கேட்கும். வாயைத் திறந்து, அடிவயிற்றிலிருந்து அகாரம் பாடச் சொல்லி என்னை விரட்டியதும் அவர்தான். கூடத்தில் மைக் இல்லாமல் நின்றபோது அந்தப் பாடம்தான் கைகொடுத்தது. என் மாணவிகளுக்கு இனி வாரத்தில் ஒரு வகுப்பு எழுந்து நின்று, ஸ்ருதிப்பெட்டியைத் தூர வைத்துவிட்டுத்தான்.

கச்சேரியைத் தொடங்கியது தேவாரத்தில். திருஞானசம்பந்தர் திருவையாற்றில் பாடிய ‘புலனைந்தும் பொறிகலங்கி’ பதிகத்தின் முதல் பாட்டு. பண் மேகராகக்குறிஞ்சி, இப்போது நீலாம்பரியில் பாடுகிறோம். அதன் பின்பாதி:

‘வலம்வந்த மடவார்கள் நடமாட முழவதிர மழையென் றஞ்சிச்
சிலமந்தி யலமந்து மரமேறி முகில்பார்க்குந் திருவை யாறே’

கோயிலைச் சுற்றி வந்த பெண்கள் ஆடுகிறார்கள், முழவு அதிர்கிறது. அதை இடி என்று நினைத்து, மழை வந்துவிட்டதோ என்று பயந்து, சில குரங்குகள் மரத்தில் ஏறி மேகத்தைப் பார்க்கின்றன. இதை நான் தாளமில்லாமல் விருத்தமாகப் பாட, ‘முழவதிர’ என்ற இடத்தில் பாஸும் செல்லோவும் வில்லைத் தந்தியிலேயே நடுங்கவிட்டு ஓர் உறுமல் எழுப்பின. அவ்வளவுதான் அவர்களுக்கு அந்தப் பாட்டில் வேலை.

ஏன் இந்தப் பாட்டு என்றால், விவால்டியின் முதல் பகுதியிலும் ஓர் இடி இருக்கிறது. 1725இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான, தனி வயலினும் குழுவும் சேர்ந்து வாசிக்கும் பன்னிரண்டு கான்செர்ட்டோக்களில் முதல் நான்கும் நான்கு பருவங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கவிதை, அந்தக் கவிதையின் வரிகள் ஸ்வரத்தாளிலேயே அந்தந்த இடத்தில் போடப்பட்டிருக்கும். ‘வசந்தத்தில்’ முதலில் பறவைகள் வரும். மூன்று வயலின்கள் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொள்ளும். பிறகு ஓடை, பிறகு திடீரென்று வானம் கறுத்து இடி மின்னல், அது ஓய்ந்ததும் மறுபடி பறவைகள். இடி வந்த இடத்தில் அந்த முன்வரிசைப் பெரியம்மா பக்கத்திலிருந்தவரிடம், “இதோ, இப்ப மந்தி மரத்துல ஏறும் பாருங்க” என்றார். சத்தமாகத்தான் சொன்னார். வாசிக்கிறவர்களுக்கும் கேட்டது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பாட்டும் வெனிஸ் நகரத்துப் பாதிரியாரின் வயலினும் அவருக்கு ஒரே மூச்சில் புரிந்துவிட்டன. ஒரு விளக்கவுரையும் இதைச் செய்திருக்க முடியாது.

விவால்டி வெனிஸில் ஆதரவற்ற பெண் குழந்தைகளை வளர்த்த ஓர் இல்லத்தில் வயலின் ஆசிரியராக இருந்தவர். அந்தப் பெண்கள் பாடினார்கள், எல்லா வாத்தியமும் வாசித்தார்கள், கேட்பதற்கு வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. பெண்களுக்குப் பாட்டுச் சொல்லித்தருவதே தொழிலாகப் போன எனக்கு அந்தச் செய்தி ரொம்பப் பிடித்தது. இரண்டாம் பகுதியில் ஆட்டிடையன் தூங்குகிறான், வியோலா விடாமல் நாயாகக் குரைக்கிறது. என் வகுப்புக் குழந்தைகளுக்கு அன்றிலிருந்து வியோலாதான் ராஜ வாத்தியம்.

அந்தக் குழந்தைகளும் பாடினார்கள், முத்துசுவாமி தீட்சிதர் மேற்கத்திய மெட்டுகளில் செய்த நோட்டுஸ்வரங்கள். ‘ச்யாமளே மீனாக்ஷி’யை எடுத்ததும் வயலின்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உலகம் முழுக்கக் குழந்தைகள் நட்சத்திரத்தைப் பார்த்துப் பாடும் அதே மெட்டு. ‘சந்ததம் பாஹிமாம்’ பிரிட்டிஷ் அரசரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டு. சங்கராபரண ஸ்வரங்களை மட்டும் வைத்து இப்படி நாற்பதை ஒட்டிச் செய்திருக்கிறார். திருவாரூரில் பிறந்தவர், சென்னைக் கோட்டையில் பாண்டு வாத்தியம் கேட்டவர். அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அங்கேதான் ஒரு ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். தஞ்சை நால்வர் என்ற இசைச் சகோதரர்களில் இளையவரான வடிவேலுவுக்கு 1834இல் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் தந்தத்தில் செய்த வயலினைப் பரிசளித்தார். தஞ்சை அரண்மனையில் 1798 முதல் 1832 வரை இருந்த இரண்டாம் சரபோஜி மேற்கத்திய வாத்தியங்களையும் ஸ்வரப் புத்தகங்களையும் வரவழைத்து வாசிக்க வைத்தவர். அதே காலத்தில் இங்கே, பதின்மூன்று கிலோமீட்டர் தள்ளி, தியாகராஜர் ‘வரலீல கானலோல’வை அவர்கள் நடையில் செய்தார். டெல்டாவில் இதெல்லாம் எதற்கு என்று இப்போது கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான்: இந்த வில்லும் தந்தியும் இருநூறு வருஷத்துக்கு முன்பே நம் ஊருக்குள் வந்து, காலை மடித்து உட்கார்ந்து, நம் வாத்தியமாகவே ஆகிவிட்டது. அதன் உறவுக்காரர்கள் வந்தால் வாசலில் நிறுத்துவோமா?

மறுநாள் காலை அவர்களை ஐயாறப்பர் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். பிரகாரத்தில் ஓரிடத்தில் நின்று “ஐயாறா” என்று கூப்பிட்டால் எதிரொலி திரும்பத் திரும்ப வரும். டபுள் பாஸ் பையன் அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. கைதட்டிப் பார்த்தான், பாடிப் பார்த்தான், எங்கே நின்றால் எத்தனை முறை என்று கணக்கெடுத்தான். பிறகு காவிரிக்கரையில் புஷ்ய மண்டபத் துறைக்குப் போனோம். ஆற்றில் மணல்தான். மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28இல் மூடினால் ஜூன் 12இல்தான் திறப்பார்கள், சித்திரையில் பையன்கள் ஆற்றுக்குள் கிரிக்கெட் ஆடுவார்கள். “விவால்டியோட ஓடையை இங்க எப்படி அத்தை வாசிக்கறது?” என்று கேட்டான் அண்ணன் மகன். நியாயமான கேள்வி. எங்களுக்குத் தண்ணீர், நாற்று, தவளைச் சத்தம் எல்லாம் ஆனி ஆடியில்தான். சித்திரையில் இங்கே இருப்பது வேப்பம்பூ, தென்றல், ஏழு ஊர்க் கோயில்களைச் சுற்றிவரும் ஏழூர்ப் பல்லக்கு, அறுவடையான உளுந்து.

அதனால் அடுத்த கச்சேரியைத் தண்ணீர் வந்த பிறகு வைக்கலாம் என்று பேச்சு. ஓடை வரும் அந்த இடத்தை மட்டும் தனியாக எடுத்து, அதற்கு முன் என்ன பாடலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீலாம்பரிக்குச் செல்லோ ஒன்று மட்டும் போதும் என்று அவனிடம் சொல்லியாகிவிட்டது, ஒப்புக்கொண்டான். அன்று வாசித்த, நார்வே இசையமைப்பாளர் கிரீக்கின் வசந்தத்தைப் பற்றி இதில் எழுதவில்லை. அதற்குத் தனிப் பதிவு வேண்டும். கும்பகோணம், மாயவரம் பக்கம் கூடமுள்ள வீடும் கையில்லாத நாற்காலி பதினைந்தும் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், தம்புராவை நாங்களே கொண்டுவருகிறோம்.